பத்து வரிப் பிள்ளை

"நான் விட்டதெல்லாம் பேரன் எடுக்காமயே செத்துப்போகுதுங்க டீச்சர்."

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவிநாசியப்பன் இதைச் சொல்லிவிட்டார்.

கோகிலவாணி டீச்சர் கையிலிருந்த காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"மகன் பொறக்குதுங்களாண்ணா?"

"பொறக்குதுங்க. ஒண்ணே ஒண்ணு."

"அந்த மகனுக்கு?"

"அதுக்கும் ஒண்ணு பொறக்குது. ஆனா வெறும் தலையோட பொறக்குதுங்க. உடம்பே இல்லை. அதோட வம்சம் முடிஞ்சுது."

படியில் நின்று யாராவது ஒட்டுக்கேட்டிருந்தால் டீச்சரை மருத்துவச்சி என்றே முடிவு கட்டியிருப்பார்கள். பேச்சு என்னவோ கம்ப்யூட்டர் புரோகிராமைப் பற்றியது. தன்னைத் தானே நகல் எடுத்துக்கொள்கிற புரோகிராம்.

கோயம்புத்தூர் கணபதியில், மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் அந்த அறை இருந்தது. அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். ஏழு வருஷமாக அதை யாரும் அணைத்ததில்லை. கரண்ட் போனால் பேட்டரி. பேட்டரியும் இறங்கினால் பட்டறைக்காரரின் ஜெனரேட்டர்.

அதற்குள் இருப்பதுதான் குளம்.

குளம் என்றால், வட்டமாகச் சுற்றிவரும் எட்டாயிரம் கட்டங்கள். ஒரு கட்டத்தில் ஒரு வரிதான் கொள்ளும். அங்கே செல்லுபடியாகும் மொழியில் மொத்தமே எட்டுச் சொற்கள். எடுத்து வை, ஒன்றைக் குறை, அங்கே தாவு, அதை எழுப்பு என்கிற மாதிரி. பசிக்கிறது என்று சொல்லக்கூட அந்த மொழியில் வழி கிடையாது. அந்த எட்டுச் சொற்களை வைத்துக்கொண்டு, தன்னைப் போலவே இன்னொன்றை வேறோர் இடத்தில் எழுதி, அதைத் தட்டி எழுப்பிவிடுகிற ஒன்றை ஆக்க வேண்டும். ஆக்கிக் குளத்தில் விட வேண்டும்.

விட்டதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். டீச்சரின் முதல் விதி இது. ஏழு நாள் தொடக் கூடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. பரிசும் கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது.

ஒருவருக்கு மூன்று முறைதான். இரண்டாவது விதி. நாலாவது முறைக்குக் கெஞ்சியவர்கள் உண்டு. டீச்சர் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

மூன்றாவது விதி கொஞ்சம் ஈவிரக்கமில்லாதது. சில ஆயிரம் வரிகளுக்கு ஒரு தடவை குளம் வேண்டுமென்றே கை தவறும். ஒன்றை எழுதச் சொன்னால் வேறொன்றை எழுதிவிடும். எந்த வரி, எப்போது, என்ன மாற்றம் என்பது டீச்சருக்கே தெரியாது.

அவிநாசியப்பனுக்கு இரண்டு முறை முடிந்துபோயிருந்தது.

*

அவர் ஸ்பின்னிங் மில் எலெக்ட்ரீஷியன். வயது ஐம்பத்து நாலு. டீச்சர் பிறந்த வருஷம்தான் அவர் மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். டீச்சர் மற்ற நாட்களில் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர். அவரை 'அம்மிணி' என்று கூப்பிடுவதற்கு எல்லா உரிமையும் உள்ள வயது அவிநாசியப்பனுக்கு. இருந்தும் முதல் நாளிலிருந்தே டீச்சர்தான்.

முதல் நாள் மாடி ஏறி வந்தபோது டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த வயசில் இது எதுக்குங்ணா என்று.

அவர் தன் பிழைப்பைச் சொன்னார். முப்பத்திரண்டு வருஷமாக அவர் கை வைத்த எந்த மிஷினும் அவரை விட்டதில்லை. அவர் முடுக்கிய நட்டை அவரே போய்த்தான் தளர்த்த வேண்டும். அவர் போட்ட வயரிங் அவருக்குத்தான் புரியும். ராத்திரி பகல் எந்நேரமும் போன். மகள் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் மில்லிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு கையில் அட்சதை, இன்னொரு கையில் போன். எந்த ஃபியூஸைப் பிடுங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வீசினார். அட்சதை மேளக்காரர் தலையில் விழுந்தது.

"தொட்டுட்டுக் கையை எடுத்தா அதுபாட்டுக்கு ஓடோணுங்க. அந்த மாதிரி ஒண்ணு, ஆயுசுக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சு பாத்துட்டாப் போதும்."

டீச்சர் மறு பேச்சில்லாமல் எட்டுச் சொற்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

முதல் முறை விட்டது பிரமாதமாகப் பெருகியது. ஒரே நாளில் நானூறு பிள்ளைகள். அவர் இனிப்பு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். வாயிலிருந்த லட்டு தொண்டையில் இறங்குவதற்குள் நானூறும் ஒன்றாகச் செத்தன. பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஓடத் தெரியவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் அப்பன் இருந்த கட்டத்துக்கே ஓடிப்போய் அங்கே செய்துகொண்டிருந்தன. வேறு யாரோ விட்ட புரோகிராம் அப்பன் மேல் ஏறி எழுதிவிட்டது. அவ்வளவுதான்.

அவர் அவமானத்தில் இரண்டு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

இரண்டாவது முறை எழுதியதுதான் இந்தத் தலை மட்டும் பிறக்கிற கேஸ்.

*

டீச்சர் அவரிடம் ஒரு பென்சிலையும் ரப்பரையும் கொடுத்தார்.

அவருடைய புரோகிராமே ஒரு தாளில் இருந்தது. ஆறு வரி. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள்.

"இப்ப நீங்கதான் புரோகிராம். இதைப் பாத்து அதுல எழுதுங்ணா. ஒரு வரி எழுதினதும் எண்ணுற இடத்துல ஒண்ணைக் கொறைச்சிடுங்க."

இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று அவருக்குத் தோன்றியது. இருந்தும் பென்சிலை எடுத்தார்.

நகல் எடுப்பது கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி. எண்ணும் இடத்தில் ஆறு என்று இருந்தது. ஆறாவது வரியைப் பார்த்து எழுதினார். ஆறை அழித்து ஐந்து என்று போட்டார். ஐந்தாவது வரியை எழுதினார். அழித்து நாலு. நாலாவது வரி. அழித்து மூன்று.

மூன்றாவது வரிக்கு வந்தார். எண்ணும் இடமே அந்த வரியில்தான் இருந்தது. அதில் அந்த நேரத்தில் என்ன இருந்ததோ அதைப் பார்த்து அப்படியே எழுதினார். பிறகு இரண்டு, ஒன்று. முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

டீச்சர் அந்த நகலை வாங்கி சகாயமேரியிடம் கொடுத்தார்.

சகாயமேரி ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அந்த அறையில் அவளுக்குத் தனி மதிப்பு உண்டு. அவள் விட்டது பதினோரு மாதமாகக் குளத்தில் உயிரோடு இருந்தது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவள். நகலைப் பார்த்தாள். எண்ணும் இடத்தில் மூன்று. மூன்றாவது வரியை எழுதினாள். இரண்டாவதை எழுதினாள். முதலாவதை எழுதினாள். பென்சிலைக் கீழே வைத்தாள்.

"முடிஞ்சுதுங்க டீச்சர்."

மூன்று வரி. வெறும் தலை.

அவிநாசியப்பன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்தார்.

"பொறக்கும்போதே பாதி வேலை முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டுப் பொறக்குதுங்க. அப்பன் எண்ணிட்டிருந்த எண்ணிக்கை மகன் கைக்குப் போயிருக்குது. அவன் இனித்தான் மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்னு அவனுக்கு யாருமே சொல்லலை."

"என்ன பண்ணுவீங்க?"

"கண்ணு முழிச்சதும் மொத வேலையா அதை அழிச்சுட்டு முழு எண்ணிக்கையைப் போடுன்னு மேல ஒரு வரி எழுதுவேனுங்க."

டீச்சர் பென்சிலையும் ரப்பரையும் திரும்ப வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டார்.

அவிநாசியப்பன் வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டிக்கொண்டு போனார் என்று அவருக்கே நினைவில்லை. ஒரே ஒரு வரி. அதை மேலே வைத்தால் வம்சம் நிற்கும். அந்த சந்தோஷத்தில் காந்திபுரம் சிக்னலில் சிவப்புக்குப் புறப்பட்டுப் பச்சைக்கு நின்றார்.

*

அந்த ஒரு வரியைச் சேர்க்க அவருக்கு ஆறு வாரம் ஆனது.

மூன்றாவது முறை அல்லவா. இதற்கு மேல் கிடையாது. இரண்டு தடவை பிள்ளை சாவதைப் பார்த்தவருக்கு மனசு ஆறுமா? முதல் வரியை எழுதிவிட்டுக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தார்.

ஆறாவதாக இருந்து இப்போது ஏழாவதாகிவிட்ட வரி, பிறந்த பிள்ளையின் முதல் வரி இடத்தில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கும். சரியாக இருந்தால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். சரியில்லை என்றால் எட்டாவதும் ஒன்பதாவதும் வேலையில் இறங்கும். திரும்பி நின்று பிள்ளையைச் சரிசெய்து, அதற்குப் பிறகுதான் அடுத்ததற்குப் போகும். மில்லில் எந்த மிஷினைப் பழுது பார்த்தாலும் அவர் உடனே கிளம்பிவிட மாட்டார். பத்து நிமிஷம் பக்கத்திலேயே நின்று சத்தம் கேட்பார். எட்டும் ஒன்பதும் அதுதான். அந்த இரண்டு வரிக்கு மட்டும் நாலு வாரம் போயிற்று.

பத்தாவதாக ஒரு வரி வைத்தார். எட்டுச் சொற்களில் சேராத வெறும் குறிப்பு, அது எந்த வேலையும் செய்யாது. அதில் இருந்தது அவர் பெயர்.

எழுதி முடித்த தாளை ஒரு சனிக்கிழமை மாலை டீச்சரிடம் காட்டினார். டீச்சர் விரலை வைத்துக்கொண்டே ஒவ்வொரு வரியாக இறங்கினார். எட்டில் விரல் நின்றது. எதற்கு என்று கேட்டார், அவர் விளக்கினார். பத்தில் மறுபடியும் நின்றது.

"இது?"

"என் பேருங்க. எட்டாயிரம் கட்டத்துல என்னுது எங்க இருக்குதுன்னு தேடிப் பாக்கோணுமில்லீங்களா?"

சகாயமேரிக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒன்றும் செய்யாத வரியையும் ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு போய் எழுத வேண்டுமே, வீண் சுமைதானே என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளைக்கு இனிஷியல் போடுவது சுமையா என்று கேட்டார்.

"உங்க இஷ்டமுங்ணா," என்று டீச்சர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

*

மறுநாள் காலை விட்டார்.

பொத்தானைத் தட்டிவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

குளம் நிதானமாகத்தான் ஓடும். கண்ணால் பார்க்க முடிய வேண்டும் என்பதற்காக டீச்சர் அதன் வேகத்தைப் பிடித்துவைத்திருந்தார். திரையில் ஒரு புரோகிராமுக்கு ஒரு கீற்று வெளிச்சம்.

ஒரு கீற்று இரண்டாயிற்று.

இரண்டாவது தள்ளிப்போய் ஒரு மூலையில் விழித்துக்கொண்டது. இதுவரைக்கும் இரண்டு முறை பார்த்த காட்சிதான். அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். அடுத்துப் பிறக்க வேண்டியது பேரன்.

பிறந்தது. பத்து வரியும் இருந்தது. கண்ணை விழித்தது. அப்பனின் எண்ணிக்கையை அழித்துப் பத்து என்று போட்டது. வேலையைத் தொடங்கியது.

"எடுத்திருச்சுங்க டீச்சர். பேரன் எடுத்திருச்சுங்க."

நாலு, எட்டு, பதினொன்று, இருபது. அவர் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். கீழே பட்டறையில் வேலை செய்தவர்கள் என்னவோ ஏலம் நடக்கிறது என்று நினைத்து மேலே வந்து எட்டிப் பார்த்தார்கள். கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் எல்லாம் தாண்டிப் பெயர் வைக்கத் தெரியாத தலைமுறைக்குப் போய்விட்டது. அவர் கண்ணில் தண்ணீர். துடைக்கக் கையை அவிழ்க்கக் கூடாது என்பதால் தோளில் துடைத்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷத்தை அந்த மனிதர் தன் கல்யாணத்தன்றுகூடக் காட்டியிருக்க மாட்டார்.

எண்பதைத் தொட்டபோது போன் அடித்தது. மில்தான். பஞ்சு சிக்கெடுக்கும் கார்டிங் செக்‌ஷனில் மோட்டார் நின்றுவிட்டதாம்.

அவர் படியில் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அந்த வாரம் முழுக்க அவர் வாய் மூடவில்லை. மில் கேன்டீனில் எண்பது பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். இந்நேரம் முன்னூறு இருக்கும் என்றார் செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை எழுநூறு ஆக்கிவிட்டார். பக்கத்தில் சாப்பிட்டவர்கள் தட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள். இருக்கிற ஒரு மகளுக்கு ஒரு குழந்தை பிறக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள், அது போதும் என்றார் வீட்டுக்காரம்மா. அதையும் சேர்த்தே வேண்டிக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை இரண்டு இரண்டு படியாக ஏறினார்.

யாரையும் பார்க்கவில்லை. நேரே போய் உட்கார்ந்து தன் பெயரைத் தட்டித் தேடச் சொன்னார்.

இல்லை.

தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தேடித் தட்டினார். எட்டாயிரம் கட்டத்தையும் சுற்றிவந்து கம்ப்யூட்டர் சொன்னது. இல்லை.

மூன்றாவது தடவை சகாயமேரியைத் தட்டச் சொன்னார். இல்லை.

எழுநூறு வேண்டாம். எழுபது வேண்டாம். ஒரே ஒன்று இருந்தாலும் போதும் என்று மனசுக்குள் பேரம் பேசிப் பார்த்தார். எட்டாவது வரி இருந்ததே, ஒன்பதாவது இருந்ததே, அவ்வளவு காபந்து பண்ணி அனுப்பினோமே என்று தோன்றத் தோன்ற ஆற்றாமையாக இருந்தது. மூன்று முறையும் முடிந்தது. இனி இந்தப் படிக்கட்டில் அவருக்கு வேலை இல்லை. மில்லும் போனும்தான்.

அப்போதுதான் சகாயமேரியின் முகத்தைக் கவனித்தார். அவள் அழுதிருந்தாள்.

"என்னுதும் போச்சுங்ணா. பதினோரு மாசம். மூலையில ரெண்டே ரெண்டு தவிச்சுக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். எதுவோ ஒண்ணு வந்து குளத்தையே வளைச்சுப் போட்டிருக்கு. எண்ணூறுக்கு மேல இருக்குது. யாருதுன்னு பாத்தா பேருமில்லை ஊருமில்லை."

தன் துக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு அவளுக்கு ஆறுதல் சொல்ல வந்தார் அவிநாசியப்பன். அதுதான் அவர் சுபாவம். அந்தக் கழிசடையைக் காட்டு பார்க்கலாம், யார் எழுதியது என்று கண்டுபிடித்து ரெண்டு கேள்வி கேட்கலாம் என்றார்.

அவள் ஒன்றைத் திறந்து காட்டினாள். ஏழு வரி.

முதல் வரி. எண்ணும் இடத்தில் ஏழைப் போடு.

"நம்ம மாதிரியே யோசிச்சிருக்கான்," என்றார்.

இரண்டாவது வரி, பிள்ளையை எவ்வளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும் என்று சொல்கிற வரி. ஆயிரத்து எட்டுக் கட்டம் தள்ளி.

அவர் வாய் திறந்தபடி நின்றது.

மில்லில் அவர் தினமும் சுற்றிவருகிற நூற்பு ஃபிரேம் ஒன்றுக்கு ஆயிரத்து எட்டு ஸ்பிண்டில், அதாவது நூல் சுற்றும் கதிர். தூரத்துக்கு ஏதாவது ஓர் எண் வேண்டும் என்றபோது வேறு எண் தோன்றாமல் அதைத்தான் போட்டிருந்தார். இந்த அறைக்கு வருகிறவர்கள் எல்லாம் நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று போடுகிறவர்கள். ஆயிரத்து எட்டு போடுகிற ஆள் இந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

மூன்றாவது வரி அவருடையது. நாலாவது அவருடையது. ஐந்து, ஆறு, ஏழு. எழுத்துக்கு எழுத்து.

"இது..." என்றார்.

மறுபடி முதல் வரிக்குப் போனார். அவர் எழுதியது பத்து. இங்கே இருப்பது ஏழு. ஏதோ ஒரு தலைமுறையில் குளம் கை தவறியிருக்கிறது. பத்து என்று எழுத வேண்டிய இடத்தில் ஏழு என்று எழுதிவிட்டது. முதல் வரி இடத்தில் இருந்ததால் அப்பனின் பார்வையில் அது சிக்கவில்லை. அந்தப் பிள்ளை கண் விழித்து, ஏழு என்று போட்டுக்கொண்டு, ஏழாவது வரியிலிருந்து மேல்நோக்கி நகல் எடுத்திருக்கிறது. எட்டையும் ஒன்பதையும் பத்தையும் அது தொடவே இல்லை. அதற்குப் பிறந்தவற்றுக்கு அப்படி மூன்று வரி இருந்ததே தெரியாது.

அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். பத்து வரிக்காரன் ஏழு பிள்ளை பெறுகிற நேரத்தில் ஏழு வரிக்காரன் பத்து பெற்றுவிடுவான். முதல் தலைமுறையில் மூன்று பிள்ளை வித்தியாசம். அடுத்த தலைமுறையில் அது இன்னும் கூடும். ஏழு நாளில்? பெயரைத் தூக்கிக்கொண்டு நடந்தவை ஒவ்வொன்றாகப் பின்தங்கி, இடம் கிடைக்காமல், இவற்றின் காலடியிலேயே அழிந்திருக்கின்றன.

"என்னுது மேரி. இது என்னுது."

அவர் கத்தியதில் கீழே பட்டறையில் சத்தம் நின்றது. சகாயமேரிக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பதினோரு மாதத்தை விழுங்கியவன் கண்ணெதிரே குதித்துக்கொண்டிருக்கிறான். மன்னிச்சுக்கம்மிணி, மன்னிச்சுக்கம்மிணி என்று சொல்லிக்கொண்டே அவர் சிரித்தார். அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினார். திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து எண்ணப் பார்த்தார். எண்ணூறைத் தாண்டியதை எண்ணி முடிப்பதற்குள் தொள்ளாயிரம் ஆகிவிடும் போலிருந்தது. கட்டத்துக்குக் கட்டம் பிறந்து விழித்துப் பெருகிக்கொண்டே இருந்தது. தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். அதுபாட்டுக்கு ஓடியது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. சிரிப்பு அப்படியே இருக்க, நெற்றி மட்டும் சுருங்கியது.

டீச்சர் ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அதுககிட்ட எட்டும் ஒன்பதும் இல்லீங்க. நாளைக்கு ஒண்ணு தப்பாப் பொறந்தா யாருங்க நின்னு சரிபண்றது?"

டீச்சர் திரையைப் பார்த்தார். அந்த நேரத்துக்குள் இன்னும் நாலைந்து பிறந்திருந்தன.

"பேருமில்லீங்க. என்னுதுன்னு அதுகளுக்கே தெரியாதுங்க."

டீச்சர் டம்ளரை ஜன்னலில் வைத்தார்.

அவர் திரையையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். செய்வதற்கு எப்போதும் ஏதாவது ஒன்று இருந்தே பழகிய மனிதர்.

"இப்ப நான் என்னதானுங்க பண்ணோணும்?"

"அது உங்களைக் கூப்பிடலீங்களேண்ணா."